பதினாறு, அறுபத்து நான்கு, முப்பத்திரண்டு

மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடி பாருங்கள். மூச்சை நிதானமாக இழுத்து, அதைவிட நிதானமாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும். விடும்போது இடைவெளி கூடும். இளவயதினருக்கு இது விரலிலேயே நன்றாகத் தெரியும். பிராணாயாமத்தின் சூட்சுமத்தில் பாதி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

நம் இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 தடவை துடிக்கும். மூளைத்தண்டிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்புதான் பிரேக் போட்டு 70, 75 என்று பிடித்து வைக்கிறது. மூச்சை இழுக்கையில் அந்தப் பிரேக் தளர்கிறது, விடுகையில் மறுபடி விழுகிறது. அப்படியென்றால் வெளிமூச்சு நீள நீள, பிரேக்கில் கால் இருக்கும் நேரமும் கூடும்.

திருமந்திரத்தில் திருமூலர் தரும் கணக்கு இது: இடது நாசியில் 16 மாத்திரை பூரகம் (மூச்சை இழுப்பது), 64 மாத்திரை கும்பகம் (உள்ளே அடக்குவது), 32 மாத்திரை ரேசகம் (வெளியே விடுவது). மாத்திரை என்றதும் இலக்கண வகுப்பு ஞாபகம் வரும். கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம். பேச்சுக்கு ஒரு விநாடி என்று வைத்தால் ஒரே மூச்சுக்கு 112 விநாடி! புத்தகத்தைப் படித்த சூட்டோடு நான் மொட்டைமாடியில் உட்கார்ந்து முயன்றேன். கும்பகத்தில் முப்பதைத் தாண்டவில்லை, காது அடைத்து, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போது ஆக்ஸிஜன் தீர்ந்துபோனதாகத்தான் நினைத்தேன். உண்மையில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறியதும் மூளைத்தண்டு அடிக்கிற மணி அது. பழகப் பழக அந்த மணியின் சத்தம் குறைகிறது. அதனால்தான் ஆசிரியர்கள் அளவை மாதக்கணக்கில் ஏற்றுகிறார்கள்.

'பிராணாயாமம் செய்தால் ஆக்ஸிஜன் நிறையக் கிடைக்கும்' என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. ஆரோக்கியமான ஆளின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல் நிரம்பித்தான் இருக்கிறது. கிடைக்கும் லாபம் வேறு. ஒவ்வொரு மூச்சிலும் 150 மில்லிலிட்டர் போல மூச்சுக்குழாயோடு நின்றுவிடும். அந்தக் காற்றால் பயன் இல்லை. நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டராக 15 தடவை மூச்சு விட்டால் நுரையீரலின் சிற்றறைகளுக்கு 5,250 மில்லிலிட்டர் போய்ச் சேரும். ஒரு லிட்டராக 6 தடவை விட்டாலே 5,100. கிட்டத்தட்ட அதே வரவு, பாதிக்கும் குறைவான தடவையில்.

இந்த 6 என்ற எண்ணுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் ஏற்பாடு ஏறக்குறைய 10 விநாடிக்கு ஒருமுறை தானாகவே ஏறி இறங்கும். மூச்சும் அதே தாளத்துக்கு வந்தால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிட்ட மாதிரி இரண்டும் சேர்ந்து ஆடுகின்றன. 2001இல் இத்தாலிய ஆய்வாளர் லூசியானோ பெர்னார்டியின் குழு, லத்தீன் ஜெபமாலையையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரத்தையும் சொல்ல வைத்து அளந்தது. இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு 6 என்ற அளவுக்கு வந்து நின்றது.

சரி, 64 மாத்திரை? ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகத்தின் பக்கமே போக வேண்டாம். எனக்கு வாய்த்த ஆசிரியரும் முதல் வருடம் அதைத் தொடவிடவில்லை. "எண்ணி நாலு இழு, எண்ணி எட்டு விடு. அடக்கறதெல்லாம் அப்புறம்" என்றார். இன்னும் அந்த நாலு எட்டிலேயேதான் இருக்கிறேன்.