மூச்சுக்குள் ஓர் அருவி

'ஊதினால் போதும், நோயைச் சொல்லிவிடும் என்கிறார்களே, இதில் உண்மை எவ்வளவு, புரட்டு எவ்வளவு?' என்று ஒரு வாசகர் கேட்கிறார். உண்மை கணிசமாகவே இருக்கிறது. வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா குடியிருக்கிறதா என்பதை ஊதச் சொல்லியே கண்டுபிடிக்கிறார்கள். மயக்க மருந்து கொடுக்கப்பட்டவரின் மூச்சில் கார்பன் டை ஆக்சைடைக் கண்காணிப்பதும் அகச்சிவப்பு ஒளிதான்.

அடிப்படை பள்ளியில் படித்ததே. மூலக்கூறின் பிணைப்புகள் சுருள்வில்லைப் போல அதிர்கின்றன. அதிர்வுக்கு ஒத்த ஒளி வந்தால் விழுங்கிக்கொள்கின்றன. கார்பன் டை ஆக்சைடு விழுங்கும் ஒளியின் அலைநீளம் 4.26 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), நைட்ரிக் ஆக்சைடுக்கு 5.3 மைக்ரானை ஒட்டி. எவ்வளவு ஒளி குறைந்தது என்று அளந்தால் வாயுவின் அளவு தெரிந்துவிடும்.

வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு 4 முதல் 5 சதவீதம். அதற்குச் சூடேறிய சிறு இழையின் ஒளியே போதும். ஆனால் மூச்சுக்குழாய் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் நைட்ரிக் ஆக்சைடோ, 100 கோடி மூலக்கூறுகளுக்கு 50-ஐத் தாண்டினாலே பெரியவர்களுக்கு அதிகம். அதைத் தேட இழையின் பரந்த ஒளி உதவாது. மூச்சில் நிறைந்து, தானும் ஒளியை விழுங்கும் நீராவியின் ஆரவாரத்தில் அந்த ஐம்பதின் முனகல் கேட்காது. ஊசிமுனை போன்ற லேசர் வேண்டும்.

வழக்கமான குறைக்கடத்தி லேசரில் எலக்ட்ரான் ஒரு துளையில் (எலக்ட்ரான் இல்லாத காலியிடத்தில்) விழுந்து, ஒளித்துகளான ஒரு ஃபோட்டானைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். அலைநீளம் பெரும்பாலும் அந்தப் பொருளின் பிறவிக் குணம். குவாண்டம் அருவி லேசர் இந்த விதியையே கழற்றி வைத்துவிட்டது. சில நானோமீட்டர் தடிமனுள்ள இருவகைக் குறைக்கடத்திப் படலங்களை மாற்றி மாற்றி அடுக்கினால், எலக்ட்ரானுக்குப் படிக்கட்டு போல ஆற்றல் மட்டங்கள் உருவாகின்றன. ஒரு கட்டத்தில் இறங்கி ஒரு ஃபோட்டான்; அடுத்த கட்டத்தில் அதே எலக்ட்ரான் இன்னொன்று. இப்படிப் பல பத்துக் கட்டங்கள். படியின் உயரத்தைத் தீர்மானிப்பது படலத்தின் தடிமன். வீணைத் தந்தியில் விரலை நகர்த்தினால் சுரம் மாறுவது போல, தடிமனை மாற்றினால் அலைநீளம் மாறும். நைட்ரிக் ஆக்சைடுக்கென்று ஒளியை அளவெடுத்துத் தைக்கலாம்! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது சலிப்பதில்லை.

இந்த யோசனையைச் சோவியத் இயற்பியலாளர்கள் கசாரினோவும் சூரிஸும் எழுதியது 1971-இல். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபைஸ்ட், கபாஸோ குழுவினர் செய்து காட்டியது 1994-இல். 'மூன்றாண்டில் என்ன பயன்?' என்று கேட்கும், ஆய்வுக்கு நிதி தரும் குழுக்கள் இந்த இடைவெளியைச் சுவரில் எழுதி மாட்டிக்கொள்ளலாம்.

புரட்டு எங்கே என்றால், ஒரே ஊதலில் எல்லா நோயையும் சொல்வதாக விற்பதில்தான். சர்க்கரை நோய் முற்றினால் மூச்சில் அசிட்டோன் ஏறும், சரி. இரண்டு நாள் பட்டினி கிடந்தவருக்கும் ஏறும்.