எதை அனுசரிக்கணும், எதை அனுசரிக்கக் கூடாது

ஹட்டன், தலவாக்கலை பக்கத்து தேயிலைத் தோட்டங்கள்ல இருந்து வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போற பெண்களோடயும் போய்ட்டு வந்தவங்களோடயும் பேசுறதுதான் என் வேலை, உளவள ஆலோசகரா இருக்கேன். போற புள்ளைக்கு லயத்துல எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "பொறுத்துப் போம்மா, எதிர்த்துப் பேசாத". பாசத்துலதான் சொல்றாங்க. ஆனா அந்தப் புள்ள வெயிலையும் பொறுத்துக்குது, மூணு மாசம் சம்பளம் தராததையும் பொறுத்துக்குது. இது ரெண்டும் ஒண்ணு இல்லங்க.

வெயில், சாப்பாடு, பாஷை, இதுக்கெல்லாம் பழகித்தான் ஆகணும். நுவரெலியா குளிர்ல வளர்ந்த உடம்பு குவைத் வெயிலுக்கு பழக ஒண்ணு ரெண்டு வாரமாவது ஆகும், அங்க கோடையில 50 டிகிரி கிட்ட போகும். வீட்டுக்குள்ள ஏசி இருக்கிறதால தாகமே தெரியாது, அதனால தண்ணி குடிக்காம இருந்துறாதீங்க, சிறுநீர் கடும் மஞ்சளா போனா தண்ணி பத்தலன்னு அர்த்தம். நோன்பு மாசத்துல பகல்ல வெளியில சாப்பிடுறது குடிக்கிறது அங்க சட்டப்படியே குற்றம், அதையும் முன்னாடியே தெரிஞ்சிட்டுப் போங்க. முதல் மாசங்கள்ல ராத்திரி அழுகை வரும், புள்ளைங்க ஞாபகம் வரும், அது உங்க பலவீனம் இல்ல, நிறைய பேருக்கு கொஞ்சம் கொஞ்சமா குறையும். குறையாம தூக்கமும் சாப்பாடும் போச்சுன்னா யார்கிட்டயாவது கட்டாயம் சொல்லணும்.

சம்பளத்தை நிப்பாட்டுறது, அடிக்கிறது, ஓய்வே தராம வேலை வாங்குறது, இதையெல்லாம் அனுசரிக்க வேண்டியதே இல்ல. குவைத்ல 2015ல வீட்டு வேலைக்காரங்களுக்குன்னே சட்டம் வந்துருச்சு, ஒரு நாளைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, கிழமைக்கு ஒரு நாள் சம்பளத்தோட லீவு. கத்தார்ல 2017 சட்டப்படி 10 மணித்தியாலம். இது எல்லா வீட்லயும் நடக்குதுன்னு நான் சொல்லல, ஆனா தெரிஞ்சு போறவளுக்கு கேக்க ஒரு வாய் இருக்கும்.

ஊர்ல ஆள் சேக்குற சப் ஏஜென்ட் அவசரப்படுத்தினாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துல பதியாம, விசிட் விசாவுல மட்டும் போகவே போகாதீங்க. அக்ரிமெண்ட், பாஸ்போட், விசா எல்லாத்தையும் போட்டோ எடுத்து வீட்ல ஒரு ஆள்கிட்ட குடுத்துட்டுப் போங்க.

இன்னொண்ணு, இது வீட்டுக்காரங்களுக்கு. மெடம் பக்கத்துல நிக்கும்போது போன்ல "நல்லா இருக்கேன்"னு மட்டும்தான் அந்தப் புள்ளையால சொல்ல முடியும். அதனால போறதுக்கு முன்னாடியே ஒரு கேள்விய பேசி வச்சுக்கோங்க, "மாட்டுக்கு புல்லு அறுத்தாச்சா"ன்னு கேட்டா அங்க பிரச்சினைன்னு. அப்படி அவ கேட்டா நாலு நாள் பாக்கலாம்னு இருக்காம அன்னைக்கே பணியகத்தோட 1989 நம்பருக்கு போன் அடிங்க, அந்தப் போட்டோக்களையும் கையில வச்சுக்கோங்க.