ஹேண்டி வாங்கும் முன் லைசென்ஸ் வாங்குங்கள்: மலையோரத்துத் தமிழர்களுக்கு ஹாம் ரேடியோ விளக்கம்

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு டூயல் பேண்ட் ஹேண்டி, அதாவது இரண்டு அலைவரிசைப் பகுதிகளில் பேசும் கையடக்க வயர்லெஸ் செட் கிடைக்கிறது. விளம்பரத்தில் "லைசென்ஸ் தேவையில்லை" என்று போட்டிருப்பான், கீழே ஜீப் ஓட்டுபவர்களும் மலை ஏறுபவர்களும் அஞ்சு ஸ்டார் கொடுத்திருப்பார்கள். நம்பாதீர்கள். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய வாக்கி டாக்கி உண்டு, அது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்குள் மட்டும் இயங்குவது, 2018-ல் அதற்கு விலக்கு கொடுத்தார்கள். நீங்கள் பார்க்கிற டப்பாவில் 136-174, 400-520 என்று போட்டிருந்து, நம்பர் தட்டி எந்த அலைவரிசைக்கும் போக முடிகிறது என்றால், அது அந்த விலக்கில் வராது. அது ஹாம் செட், அதாவது பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள் வியாபாரத்துக்கு இல்லாமல் பேசுகிற அமெச்சூர் ரேடியோவுக்கான செட். வாங்கி வீட்டில் சும்மா வைத்திருந்தாலே குற்றம், பேசியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1933-ம் வருஷத்து வயர்லெஸ் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது, 2023-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்திலும் வைத்திருக்கவே அனுமதி வேண்டும் என்றுதான் இருக்கிறது.

2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படி விற்ற ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் விட்டது. நல்லதுதான். ஆனால் அதற்கு முன்னால் வாங்கியவர்கள் கையில் செட் அப்படியே இருக்கிறது, சோதனைச் சாவடியில் பிடிபடுவது அவர்கள்தான். தேனி மாவட்டம் கம்பம் ஊரிலிருந்து காலை இருட்டோடு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். மேட்டில் சிக்னல் இல்லை, வண்டி நின்றால் பின்னால் வருகிறவனுக்குச் சொல்ல வழியில்லை என்று இரண்டு செட் வாங்கினார். ஒரு சாவடியில் பிடுங்கிக்கொண்டார்கள். விற்றவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, இவர்தான் கூலியை விட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலில் நின்றார்.

இந்த மலையில் இருக்கிறவனுக்கு வயர்லெஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து, லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளோடு 70 பேர் போனார்கள், எல்லாரும் நம் ஆட்கள். கரண்டும் இல்லை, செல்போனும் இல்லை, விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. 2024 ஜூலை 30-ல் வயநாடு சூரல்மலையில் சரிந்தபோது ஹாம்கள் கல்பற்றா கலெக்டரேட்டில் நிலையம் போட்டுத் தகவல் கடத்தினார்கள். லைசென்ஸ் உள்ள ஆள் லயத்துக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

சரி, லைசென்ஸ் எப்படி என்று பார்ப்போம். 1978-ம் வருஷத்து அமெச்சூர் விதிகள்தான் அடிப்படை. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு கொடுக்கிறது, எல்லாம் சரல் சஞ்சார் இணையதளம் வழியாக. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 12 வயது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான் தகுதி. படிப்பு இன்ன வகுப்பு என்று இல்லை. பரீட்சைக் கட்டணம் 100 ரூபாய், லைசென்ஸ் 20 வருஷத்துக்கு 1000, ஆயுளுக்கு என்றால் 2000. இதற்கு மேல் யாராவது கேட்டால் அது அவருடைய கமிஷன். ஜெனரல், ரெஸ்டிரிக்டட் என்று இரண்டு கிரேடு. ஜெனரலுக்கு மோர்ஸ், அதாவது புள்ளியும் கோடுமாகத் தட்டுகிற தந்தி மொழி, தெரிய வேண்டும். ஹேண்டிக்கு ரெஸ்டிரிக்டட் போதும், மோர்ஸ் வேண்டாம், வியூ3 என்று ஆரம்பிக்கிற கால்சைன், அதாவது ரேடியோவில் நீங்கள் சொல்ல வேண்டிய அடையாளப் பெயர், வரும். "கிளப்பில் சேர்ந்து சந்தா கட்டினால்தான் லைசென்ஸ்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கிளப் நல்லது, பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் கட்டாயம் இல்லை.

பரீட்சை இரண்டு பகுதி: ரேடியோ தொழில்நுட்பம் ஒன்று, விதிமுறைகள் ஒன்று. ஒன்றில் நிறைய வாங்கி இன்னொன்றில் கோட்டை விட்டால் பாஸ் இல்லை, தனித்தனியாகத் தேற வேண்டும். நம் பிள்ளைகள் ஓம் விதியை நன்றாகப் படித்துவிட்டு விதிமுறைப் பகுதியில் விழுகிறார்கள். வினாத்தாள் தமிழிலும் கிடையாது, மலையாளத்திலும் கிடையாது. அரசின் வயர்லெஸ் கண்காணிப்பு நிலையத்தில் நேரில் போய் எழுத வேண்டும். இடுக்கிப் பக்கம் இருந்தால் திருவனந்தபுரம், தேனிப் பக்கம் இருந்தால் சென்னை, எதுவும் பக்கத்தில் இல்லை. அதனால் படிவத்தில் மையம் தேர்ந்தெடுக்கும்போது அவசரப்படாதீர்கள், ஆன்லைன் மையத்தில் உட்கார்ந்திருக்கிற பையன் லிஸ்டில் முதலில் வருவதைத் தட்டிவிடுவான். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் கிளப் மூலமாக எழுதிக் கேளுங்கள், அப்படி ஊர்ப் பக்கம் வந்து பரீட்சை நடத்தியதும் உண்டு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பாஸ் ஆனால் வருவது சான்றிதழ். அது லைசென்ஸ் இல்லை. இதைத் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. சான்றிதழைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு செட் வாங்கிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். சான்றிதழ் என்பது உங்களுக்கு இயக்கத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி மட்டும். நிலையம் வைக்க லைசென்ஸுக்குத் தனியாக விண்ணப்பம், தனியாகப் பணம், தனியாகச் சரிபார்ப்பு. லைசென்ஸும் கால்சைனும் கையில் வரும்வரை செட் வாங்காதீர்கள், பழகுவதற்கு என்றுகூட வாங்காதீர்கள், இரவல் வாங்கியும் பட்டனை அழுத்தாதீர்கள்.

அந்தச் சரிபார்ப்பில்தான் தமிழ்நாடு-கேரள எல்லைக்காரன் மாட்டுகிறான். கேரளத்து இடுக்கியில் வண்டிப்பெரியாறிலோ தேவிகுளத்திலோ லயத்தில் மூன்று தலைமுறையாக இருப்போம். ஆதார் மட்டும் சொந்த ஊர் முகவரியில், தேனியிலோ தென்காசியிலோ இருக்கும், பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் போகிற ஊர். விண்ணப்பத்தில் ஆதார் முகவரி போனால் போலீஸ் விசாரணை அந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போகும். ரைட்டர் தெருவில் விசாரித்துவிட்டு "இங்க அந்தப் பேர்ல யாரும் குடியில்ல" என்று எழுதி அனுப்பிவிடுவார். அவர் எழுதியது பொய்யும் இல்லை. ஆனால் டெல்லியில் அதைப் படிக்கிறவருக்கு நீங்கள் முகவரி இல்லாத ஆள், வயர்லெஸ் கேட்கிற முகவரி இல்லாத ஆள். ஃபைல் படுத்துவிடும். நான் பார்த்த ஒரு பிள்ளைக்கு இதுதான் நடந்தது. பரீட்சையில் நல்ல மார்க், தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிற அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் மாதக்கணக்கில் ஒரு பதிலும் இல்லை. கேரள ஸ்டேஷனில் கேட்டால் "எங்களுக்குப் பேப்பரே வரவில்லை", தமிழ்நாட்டு ஸ்டேஷனில் கேட்டால் "அனுப்பிட்டோம்மா".

இதற்கு வழி விண்ணப்பத்துக்கு முன்னாலேயே ஆதாரில் முகவரியை மாற்றிவிடுவது. லயத்துக்குப் பட்டாவும் கிடையாது, வாடகை ஒப்பந்தமும் கிடையாது, எஸ்டேட் ஆபீஸ் எழுதித் தருவதை எல்லா இடத்திலும் ஏற்க மாட்டார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். தெரியும். ஆதாருக்கென்று ஒரு சான்று படிவம் இருக்கிறது, பஞ்சாயத்துத் தலைவரோ எம்.எல்.ஏ.வோ கெசட்டட் ஆபீசரோ போட்டோ ஒட்டிக் கையெழுத்துப் போட்டுத் தரலாம். மூன்று மாதம்தான் செல்லும், வாங்கிப் பெட்டியில் வைக்காமல் உடனே கேரள அரசின் அக்ஷயா இ-சேவை மையத்துக்குப் போங்கள். வில்லேஜ் ஆபீசில் இருப்பிடச் சான்றும் வாங்கி வையுங்கள். "நாளெ வரூ" என்பார்கள். நாளை போய் நில்லுங்கள்.

அடுத்தது பெயர். எஸ்.எஸ்.எல்.சி. மலையாள மீடியத்தில் படித்தவருக்கு ஆங்கிலத்தில் முருகேசன் 'கே' போட்டு இருக்கும், ஆதாரில் 'ஜி' போட்டு இருக்கும். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் முழுசாக. நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான், கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். விண்ணப்பத்தில் எந்தப் பெயரைப் போடுகிறீர்களோ அதுவே எல்லாக் காகிதத்திலும் எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். பரீட்சைச் சான்றிதழில் தப்பாக வந்துவிட்டால் அடுத்த விண்ணப்பமும் அதே தப்போடு போகும், அப்புறம் திருத்துவது பெரும்பாடு. படிவத்தை மையத்துப் பையனை நம்பி விடாமல் நீங்களே திரையில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள். மத்திய அரசின் கட்டணத் தளமான பாரத்கோஷ் வழியாகப் பணம் கட்டியதும் ரசீதைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். பணம் போய் விண்ணப்பம் ஏறாமல் நின்றால் அந்த ரசீது ஒன்றுதான் கையில் இருக்கும்.

போலீஸ் விசாரணைக்கு வரும்போது வீட்டில் இருக்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். "வயர்லெஸ்ஸா? எங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று பயத்தில் பாட்டி சொன்னதே எதிரான ரிப்போர்ட்டாகப் போகும். ஸ்டேஷனில் ஹாம் ரேடியோ என்றால் தெரியாமல் இருக்கலாம். மத்திய அரசு லைசென்ஸ் விண்ணப்பம் என்று சொல்லி விண்ணப்ப நகலைக் காட்டுங்கள். இதற்குப் பணம் கிடையாது.

லைசென்ஸ் வந்தாச்சு, செட்டும் வாங்கியாச்சு. நமக்கு உள்ள இடம் 144 முதல் 146, அப்புறம் 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ். செட் இதற்கு வெளியேயும் பேசும், போலீஸ், வனத்துறை அலைவரிசைகளும் அதற்குள் அகப்படும். தெரியாமல் அழுத்திவிட்டேன் என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். கடையிலிருந்து வரும்போதே சில சேனல்களைப் போட்டு அனுப்பியிருப்பான், முதல் வேலையாக அவற்றை அழியுங்கள்.

மலிவு செட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. பாவ்ஃபெங் யூவி-5ஆர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். திரையில் மேலே ஒரு எண், கீழே ஒரு எண், பக்கத்தில் சின்ன அம்புக்குறி. டிடிஆர் என்ற இரட்டைக் கேட்பு ஆனாக இருந்தால், எந்த வரியில் கடைசியாகச் சத்தம் வந்ததோ அந்த வரிக்கு அம்பு தாவும், நீங்கள் அழுத்தினால் அங்கேதான் பேசும். மேல் வரியில் ஹாம் அலைவரிசை, கீழ் வரியில் வேறு ஏதோ என்று விட்டு வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மெனு 7-ல் அதை ஆஃப் செய்யுங்கள். மெனு 4-ல் வாக்ஸ் இருக்கும், அதையும் ஆஃப், இல்லாவிட்டால் வீட்டுச் சத்தத்துக்கே செட் பேச ஆரம்பிக்கும்.

ஆன்டெனா கழற்றியிருக்கும்போது அழுத்தக் கூடாது, செட் போய்விடும். பேசும் முன் கேளுங்கள், யாரும் இல்லையென்றால் பட்டனை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் கால்சைன் சொல்லுங்கள். 5 வாட்டில் கம்பம்மெட்டு விளிம்பில் நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும், முகட்டுக்குப் பின்னால் நாலு கிலோமீட்டரில் இருக்கிற லயத்துக்குக் கேட்காது. மலை மறைத்தால் ரிப்பீட்டர், அதாவது உயரத்தில் இருந்து நம் பேச்சை வாங்கி மறுபடி அனுப்புகிற நிலையம், வேண்டும். 144 பேண்டில் அதற்கு 600 கிலோஹெர்ட்ஸ் ஷிஃப்டும் (கேட்கிற அலைவரிசைக்கும் பேசுகிற அலைவரிசைக்கும் உள்ள இடைவெளி), அந்த ரிப்பீட்டர் திறப்பதற்குக் கேட்கிற டோனும் சரியாகப் போட்டிருக்க வேண்டும். பேசியதை லாக் புத்தகத்தில் எழுதுங்கள்.

வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஜீப் டிரிப், ஏலக்காய் விலை, ஹோம்ஸ்டே புக்கிங் எதுவும் கூடாது. ரகசியக் குறிச்சொல், பாட்டு போடுவது, இரண்டும் கூடாது. லைசென்ஸ் இல்லாத தம்பி கையில் கொடுத்துப் பேசச் சொல்வதும் கூடாது. அந்த ஜீப் டிரைவருக்கு ஹாம் லைசென்ஸ் வாங்கித் தந்தாலும் அவர் டிரிப்புக்கு அது உதவாது. அவருக்குச் சரியான வழி 446 விலக்கு செட்தான், தூரம் குறைவு என்றாலும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிற கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. சாவடி தாண்டும்போது லைசென்ஸ் நகல் பையில் இருக்கட்டும், போனில் இருக்கிற படம் போதாது, சார்ஜ் இல்லாத நேரத்தில்தான் கேட்பார்கள். வீடு மாறினால் லைசென்ஸிலும் முகவரி மாற்ற வேண்டும்.

விண்ணப்பம் போட்டு மாதங்கள் ஓடியும் பதில் இல்லையென்றால் போன் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள், எடுக்க மாட்டார்கள். சி.பி.கிராம்ஸ் புகார்த் தளத்தில் விண்ணப்ப எண்ணோடு எழுதுங்கள். அதுவும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒற்றை வரியில் மூடப்பட்டால் ஆன்லைனில் 10 ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. போடுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். "எப்போது கிடைக்கும்" என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த அலுவலருக்குப் போனது, போலீஸ் விசாரணைக் கடிதம் எந்த மாவட்டத்துக்கு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, பதில் வந்ததா, வந்திருந்தால் அதன் நகல். ஃபைல் தேனியில் நிற்கிறதா இடுக்கியில் நிற்கிறதா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும், அந்த மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் கடித எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.