குதிகால் பிரேக்கைக் கழற்றிப் போடாதீர்கள்

"அக்கா, மூணு முழு மாரத்தான் ஓடியிருக்கேன். சக்கரத்தைக் கட்டிக்கிட்டு அதே தூரம் போறதுல என்ன பெரிசா இருந்துடப் போகுதுன்னு நினைச்சேன்."

வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி இதைச் சொன்னவர் கோயம்புத்தூர்க்காரர். பெர்லினில் மென்பொருள் வேலை. நான் இதே ஊரில் பிசியோதெரபிஸ்ட். ஆகஸ்ட் பிறந்தாலே என்னிடம் ஸ்கேட்டர்கள் வரத்து கூடிவிடும். செப்டம்பர் கடைசியில் பெர்லின் மாரத்தான். ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை, அதற்கு முந்தைய நாள், அதே 42.195 கி.மீ. தூரம் இன்லைன் ஸ்கேட்டர்களுக்கு, அதாவது ஒரே வரிசையில் சக்கரம் பொருத்திய பூட்டில் போகிறவர்களுக்கு. 1997 முதல் இப்படி நடக்கிறது. 2025 உலகச் சாம்பியன்ஷிப்பில் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் ஸ்கேட்டிங் மாரத்தானில் தங்கம் வென்ற பிறகு, நம் ஊர்க்காரர்கள் சிலரும் ஆர்வமாக விசாரிக்கிறார்கள். நல்ல விஷயம்தான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முன்வரிசை வீரர்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். ஆசைக்குக் கலந்துகொள்பவர் இரண்டு மணி நேரத்தில் முடித்தால் சராசரி வேகம் மணிக்கு 21 கி.மீ. ஓட்டக்காரர்களை ஏமாற்றுவது இந்தக் கணக்குதான். நாலரை மணி நேரம் ஓடிப் பழகிய நெஞ்சுக்கு இரண்டு மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஓட்டத்தில் நிற்க வேண்டுமென்றால் நின்றுவிடலாம். இங்கே நிற்பதைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நம் கோயம்புத்தூர் தம்பி விழுந்த இடம் டெம்பெல்ஹோஃப் மைதானம். 2008-ல் மூடிய விமான நிலையம் அது. 2010-லிருந்து பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஓடுபாதை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 கி.மீ.; வழவழவென்ற தரை, வண்டி வாசி கிடையாது. ஆனால் திறந்தவெளி, காற்று தூக்கும். எதிர்காற்றில் முக்கி முக்கிப் போனவர், திரும்பியதும் காற்று முதுகைத் தள்ள, என்ன வேகத்தில் போகிறோம் என்பதே தெரியாமல் போயிருக்கிறார். எதிரே சைக்கிளில் ஒரு குழந்தை. பிரேக்?

"அது பழகுறவங்களுக்குத்தானேன்னு வாங்கின அன்னைக்கே கழட்டிட்டேன் அக்கா."

வலது ஸ்கேட்டின் குதிகாலில் ரப்பர் கட்டையாக இருக்குமே, அதைத்தான் சொல்கிறார். ஒரு திருகாணி, இரண்டு நிமிட வேலை. கழற்றினால் பார்க்க பந்தயக்காரர் மாதிரி ஆகிவிடுவோம் என்று ஒரு நினைப்பு. பந்தயக்காரர்கள் கழற்றுவது உண்மைதான். அவர்கள் ஒரு காலைப் பின்னால் குறுக்கே இழுத்தும், இரு கால்களையும் அகட்டி அழுத்தியும் வேகத்தைக் குறைப்பார்கள். அது உடம்பில் ஊற வருடங்கள் ஆகும்.

விழும்போது கை தானாக முன்னே நீளும், யாராலும் தடுக்க முடியாது. உடம்பின் மொத்த எடையும் உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் இறங்கும். இவருக்கு அன்றே எக்ஸ்ரே எடுத்து, முறிவு எதுவும் தெரியவில்லை என்று கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து, பிசகுதானே, பயிற்சி கொடுங்கள் என்று என்னிடம் வந்தார். கட்டைவிரலை மேலே தூக்கி விரித்தால் மணிக்கட்டோரம் ஒரு சின்னக் குழி விழும். தாத்தாக்கள் மூக்குப்பொடி வைத்து உறிஞ்சிய குழி. அதில் லேசாக அழுத்தினேன், துள்ளிவிட்டார். படகு வடிவில் ஒரு சின்ன எலும்பு அங்கே இருக்கிறது. அது முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு. ரத்த ஓட்டமும் அதற்குக் குறைவு, கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போகலாம். பயிற்சி எதுவும் கொடுக்காமல் மருத்துவரிடமே திருப்பி அனுப்பினேன். எம்.ஆர்.ஐ.யில் கீறல் தெரிந்தது, மாவுக்கட்டு போட்டார்கள். கீழே விழுந்து அந்தக் குழியில் வலி இருந்தால், எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் பத்துப் பதினான்கு நாளில் மறுபடி காட்டுங்கள்.

மணிக்கட்டைத் தாங்கும் கெட்டியான காப்புறை போட்டிருந்தால்? 1996-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. காப்புறை போடாதவர்களுக்கு மணிக்கட்டில் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம் என்றது. போட்டியில் ஹெல்மெட் கட்டாயம் என்பதால் அதை எல்லாரும் போடுகிறார்கள். கைக்கு மட்டும் ஏனோ கூச்சம்.

அடுத்து முதுகு. 'முப்பதாவது கிலோமீட்டரில் இடுப்பு கழன்றுவிட்டது' என்று வருபவர்கள்தான் என்னிடம் அதிகம். நாற்காலியில் உட்காரப் போகிறவர் பாதியில் நின்ற மாதிரியான நிலை இதற்கு வேண்டும். தொடை சோர்ந்ததும் முழங்கால் மெல்ல நிமிரும். காற்றுக்குப் பயந்து முதுகை மட்டும் குனிந்தே வைத்திருப்பார்கள். சுமை முழுக்க அடிமுதுகில் இறங்கும். முதுகுக்குத் தைலம் தேய்ப்பதைவிடத் தொடையைப் பலப்படுத்துங்கள். தோசை வேகும் நேரம் ஒற்றைக் காலில், முழங்காலை மடக்கி நில்லுங்கள். திருப்பிப் போட்டதும் காலை மாற்றுங்கள். சிரிக்காதீர்கள், என் நோயாளிகள் செய்கிறார்கள்.

சக்கரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 125 மி.மீ. சக்கரம் வேகம்தான், ஆனால் உயரம் கூடும், கணுக்கால் தள்ளாடும். முதல் போட்டிக்கு 90 அல்லது 100 தாராளம். பூட் புதிதாக இருந்தால் அதோடு நேரே போட்டிக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

கூட்டம் இன்னொரு பாடம். ஸ்கேட்டர்கள் ரயில் பெட்டிகள் மாதிரி ஒருவர் பின் ஒருவராகக் கோத்துப் போவார்கள். முன்னால் இருப்பவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருபவருக்குப் பாடு குறைவு. ஆசையாக இருக்கும். ஆனால் முன்னவர் இடது கால் தள்ளும்போது நீங்களும் இடது கால் தள்ள வேண்டும். தாளம் தப்பினால் சக்கரத்தில் சக்கரம் மாட்டும், பின்னால் உள்ள ஐந்து பேரும் உங்கள் மேல்தான். நெருங்கிவிட்டால் சட்டென்று பிரேக் போடக் கூடாது. நிமிர்ந்து நின்று காற்றை நெஞ்சில் வாங்குங்கள், தேவைப்பட்டால் முன்னவர் இடுப்பில் கையை லேசாக வையுங்கள். அங்கே அது தப்பில்லை. ஐந்தாறு தெரிந்தவர்களோடு பழகாமல் அந்நியர் கூட்டத்தில் நுழையாதீர்கள். பழக, பெர்லினுக்குத் தெற்கே ஃப்ளேமிங் ஸ்கேட் பாதை 200 கி.மீ.க்கு மேல் நீள்கிறது.

மழை பெய்தால் பாதசாரிக் கோடுகளும் டிராம் தண்டவாளங்களும் சோப்பு போட்ட மாதிரி. தண்டவாளத்தை நேர் குறுக்காகக் கடந்து போங்கள். அதன் மேல் காலைத் தள்ளாதீர்கள். கனமழையென்றால் திரும்பிப் போவதில் அவமானம் எதுவும் இல்லை. நான் ஒருமுறை திரும்பியிருக்கிறேன்.

மாவுக்கட்டு பிரித்த வாரம் தம்பி கூப்பிட்டார். கை எப்படி இருக்கிறது என்று கேட்பதற்குள் அவரே கேட்டார்: "அக்கா, அந்த ரப்பர் கட்டையை வீடு பூரா தேடிட்டேன், கிடைக்கல. அது மட்டும் தனியா விப்பாங்களா?"

விற்கிறார்கள். ஸ்கேட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போகச் சொன்னேன், மாடலுக்கு மாடல் திருகாணி மாறும்.