கியர் மாற்றாத கியர்பெட்டி

பின்னேரம் ஐந்தரைக்கு வெள்ளவத்தையில், காலி வீதி நெரிசலில் நிற்கும் கார்களைப் பாருங்கள். ஒரு டொயோட்டா அக்குவாவாவது கண்ணில் படும். பெற்றோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார். அழகென்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. வேகமானியைச் சாரதிக்கு முன்னால் வைக்காமல் டாஷ்போர்ட்டின் நடுவில் கொண்டுபோய் வைத்தவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஜப்பானில் பாவித்துவிட்டு வந்த கார் என்றால், ஸ்டார்ட் செய்ததும் நெடுஞ்சாலைக் கட்டண அட்டை போடப்படவில்லை என்று ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் முறையிடும். ரேடியோ பெரும்பாலும் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். கொழும்பு நிலையங்கள் பலவும் அதற்கு மேலே இருக்கின்றன.

ஆனால் பொனட்டுக்குக் கீழே, சில்லுகளுக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒரு பெட்டி இருக்கிறது. சாதாரண மக்களின் காருக்குள் வந்த பொறிகளில் இதைவிட நேர்த்தியான ஒன்றை எனக்குத் தெரியாது. 1997 டிசம்பரில் டொயோட்டாவின் பிரியஸ் என்ற ஹைபிரிட் காரோடு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அக்குவாவிலும் அதே ஏற்பாடுதான்.

பெட்டிக்குள் இருப்பது ஒரு கிரகப் பற்சக்கரத் தொகுதி. நடுவில் சின்னதாக ஒரு சூரியச் சக்கரம். அதைச் சுற்றி ஓடும் கிரகச் சக்கரங்கள் ஒரு சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் வளைத்து, உட்புறம் பல் வைத்த ஒரு வளையம். சூரியச் சக்கரத்தோடு ஒரு மின்பிறப்பாக்கி, சட்டத்தோடு என்ஜின், வளையத்தோடு பெரிய மோட்டாரும் சில்லுகளும் இணைந்திருக்கும். இவை மூன்றும் எப்போதும் கடித்தபடியே நிற்கும். கிளட்ச் கிடையாது, பெல்ட் கிடையாது, மாற்றுவதற்கு கியர்கள் கிடையாது. ஸ்டார்ட்டர் மோட்டார்கூட இல்லை. என்ஜினைச் சுழற்றி எழுப்புவது அந்த மின்பிறப்பாக்கியே. பின்னால் எடுக்க வேண்டுமா? பெரிய மோட்டார் எதிர்ப்புறமாகச் சுழலும், அவ்வளவுதான்.

முதல் மூன்று தலைமுறைப் பிரியஸ்களில் சூரியச் சக்கரத்துக்கு 30 பற்கள், வளையத்துக்கு 78. அதனால் என்ஜின் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழ 72 வீதம் வளையத்துக்கும் 28 வீதம் சூரியச் சக்கரத்துக்கும் போகும். இந்தப் பங்கு ஒருபோதும் மாறாது. மாறுவது வேகம். சிவப்பு விளக்கில் கார் நிற்கிறது, வளையம் அசையவில்லை என்று வையுங்கள். என்ஜின் நிமிடத்துக்கு 1,300 தடவை சுழன்றால், சூரியச் சக்கரம் 4,680 தடவை சுழன்றே ஆக வேண்டும். அந்தச் சுழற்சிதான் பற்றரியை நிரப்புகிறது. கார் நகரும்போது கணினி மின்பிறப்பாக்கியின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், என்ஜினைத் தனக்குப் பிடித்த வேகத்தில் ஓட விடுகிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் அக்சலரேட்டரை மிதித்தால் முதலில் சத்தம் கூடி, பிறகுதான் வேகம் வருவது இதனால்தான். கார்ப் பிரியர்களுக்கு இது பிடிப்பதில்லை. எனக்கும் காதுக்குப் பிடிக்காது, மூளைக்குப் பிடிக்கும்.

2013இல் வந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் வேறு வழியில் போனது: ஏழு கியர், இரட்டை உலர் கிளட்ச். ஓட்ட அதுதான் சுகம். ஆனால் பற்றரி குறைந்த நேரத்தில் நெரிசலில் ஊர்வதென்றால் என்ஜின் கிளட்சை உரசி உரசித்தான் நகர வேண்டும், உரசினால் சூடு. கொழும்புக்கு நான் பற்சக்கரப் பெட்டியைத்தான் சொல்வேன்.

சிக்கல் நம் பழக்கத்தில் இருக்கிறது. "தம்பி, சிக்னலில நியூட்ரல்ல போடுங்கோ, பெற்றோல் மிச்சம்" என்று சொல்லாத கராஜ் பாஸ் யார்? இந்தக் காரில் நியூட்ரல் என்றால் எந்தப் பல்லும் விலகுவதில்லை. மின்பிறப்பாக்கிக்கும் மோட்டாருக்கும் போகும் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. சூரியச் சக்கரத்தை எதிர்த்துப் பிடிக்க ஆளில்லாததால் என்ஜினின் விசை எங்கும் போய்ச் சேராது, பற்றரியும் சார்ஜ் ஆகாது. ஏசியோ பற்றரி மின்சாரத்தில் ஓடுகிறது. பம்பலப்பிட்டிச் சந்தியில் பத்து நிமிடம் நியூட்ரலில் நின்றால் பற்றரி வடிந்துகொண்டே இருக்கும். பிறகு என்ஜின் அதை நிரப்பக் கூடுதலாக உழைக்க வேண்டும். ட்ரைவில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டு நில்லுங்கள்.

கியர் லிவரை 'பி'யில் (B; பார்க்கிங் P அல்ல) போட்டால் பற்றரி கூடச் சார்ஜ் ஆகும் என்பதும் தவறு. 'பி'யில் மின்பிறப்பாக்கி என்ஜினைப் பெற்றோல் இல்லாமல் சுழற்றி, காற்றை அமுக்க வைத்து, சக்தியை வீணாக்குகிறது. நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும்போது, பற்றரி நிறைந்து மேற்கொண்டு ஏற்க இடமில்லாத நேரத்தில், பிரேக்கைக் காப்பாற்ற அது வேண்டும். காலி வீதியில் அதற்கு வேலையில்லை.

பற்றரி பற்றி இன்று இவ்வளவு பேச்சு இருப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் இங்கிருந்த ஹைபிரிட்கள் எல்லாம் இங்கேயே வயதாகிவிட்டன. 2011 இறுதியில் வந்த முதல் தலைமுறை அக்குவாவில் 120 நிக்கல் செல்கள், ஆறாறாகக் கட்டிய 20 மொட்யூல்கள், தொடராக இணைந்து 144 வோல்ட். தொடர் இணைப்பில் ஒன்று பலவீனமானால் எல்லாம் அதன் அளவுக்குத்தான் ஓடும். செல்களைக் கெடுப்பது சூடு. பற்றரிப் பொதியின் நடுவில் இருப்பவைக்குக் காற்று குறைவாகப் போவதால் அவையே அநேகமாக முதலில் தளரும்.

அவற்றைக் குளிரூட்ட ஒரு மின்விசிறி, பின் இருக்கைப் பக்கத் துவாரத்தால் காருக்குள் இருக்கும் காற்றையே இழுக்கிறது. பெற்றோல் மிச்சம் பிடிக்க ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்குபவர், வெக்கையையும் தூசியையும் சேர்த்தே பற்றரிக்கு ஊட்டுகிறார். துவாரத்தை மறைத்துச் சாமான் பையை வைப்பவரும் அப்படித்தான். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய மொட்யூல் ஒன்றை வாங்கி, கெட்டதை மட்டும் மாற்றினால் எச்சரிக்கை விளக்கு அணையும். ஆனால் மற்ற 19உம் அதே வயதுதான். சில மாதங்களில் அடுத்தது விழும், திரும்பப் பொதியைக் கழற்ற வேண்டும். முழுப் பொதியையும் மாற்ற வசதியில்லை என்றால், எல்லா மொட்யூல்களையும் அளந்து, கொள்ளளவு ஒத்தவற்றைச் சேர்த்துக் கட்டும் கராஜைத் தேடுங்கள். கழற்றும்போதே விசிறியையும் துப்புரவாக்கச் சொல்லுங்கள். அதன் இறக்கைகளில் படிந்திருக்கும் பஞ்சைக் கண்ணால் பார்த்த பிறகே பொதியை மூட விடுங்கள்.