மின்சார கார் விபத்தில் உயிர் போனால்: இழப்பீடு கேட்க இன்னொரு வழியும் இருக்கிறது

மின்சார கார் விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால் எல்லாரும் முதலில் கேட்பது "யார் ஓட்டினது?" என்றுதான். எஃப்.ஐ.ஆரிலும் ஓட்டுநர் பெயர்தான் ஏறும். அலட்சியத்தால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 106-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. சரி, ஏர்பேக் விரியவில்லை, மோதிய பிறகு கதவு திறக்கவில்லை, பேட்டரி பற்றிக்கொண்டது என்றால்? அந்தத் தப்புக்கு யார் பொறுப்பு? இதற்கும் நம் சட்டத்தில் பதில் இருக்கிறது. துக்க வீட்டில் அதை எடுத்துச் சொல்ல ஆள் இருப்பதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த வழி. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின் கீழ் மனு போடலாம். பெட்ரோலா மின்சாரமா என்ற பேதம் இங்கே கிடையாது. ஓட்டியவர் மீது தவறு என்று காட்ட வேண்டும். இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பி இருந்தவர்கள் ஆகியவற்றைப் பார்த்துத் தொகை கணக்கிடுவார்கள். காரின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து, அதாவது அந்தக் காரால் மற்றவருக்கு நேரும் இழப்புக்கான காப்பீட்டிலிருந்து, பணம் வரும். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது 2019 திருத்தம். இந்தக் கெடு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. அதனால் நாள் தாண்டியிருந்தாலும் விட்டுவிடாமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

யார் தவறு என்று நிரூபிக்காமலே கிடைக்கும் தொகையும் உண்டு. அதே சட்டத்தின் 164-வது பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2.5 லட்சம். ஆனால் இந்தப் பணத்தை வாங்கிக்கொண்டால் 166-ன் கீழ் போட்ட மனு அதோடு முடிந்துவிடும். சம்பாதிக்கும் இளைஞரை இழந்த குடும்பத்துக்கு 166-ல் இதைவிடப் பல மடங்கு கிடைக்கக்கூடும். காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் நீட்டும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த வழியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தன் காரைத் தானே ஓட்டி இறந்தவரின் குடும்பம், அவர் மீதே தவறு என்று முடிவானால், மூன்றாம் நபர் காப்பீட்டில் கேட்க முடியாது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால் அது மட்டும் வரும். ஆனால் அவர் இறந்ததற்குக் காரின் கோளாறு காரணமாக இருந்தால், இன்னொரு வழி திறக்கிறது.

அதுதான் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகள், பொருளால் வந்த கேட்டுக்கு அதைச் செய்தவரைப் பொறுப்பாக்குகின்றன. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, போதிய எச்சரிக்கை தராதது, இதில் எதுவானாலும் 84-வது பிரிவு பொருந்தும். காரை வாங்கியவர் இறந்திருந்தால் வாரிசுகள் வழக்குப் போடலாம். காரின் விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், 2 ஆண்டுக்குள்.

"பொறியியல் தெரியாத நாங்கள் எப்படி நிரூபிப்பது?" என்று பயப்பட வேண்டாம். ஹூண்டாய் கிரெட்டாவில் ஏர்பேக் விரியாத வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வேகத்தையும் விசையையும் வைத்து மோதலைக் கணக்கிட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்கத் தேவையில்லை என்றது. 3 லட்ச ரூபாய் இழப்பீடும் மாற்றுக் காரும் தர வேண்டும் என்ற உத்தரவு நிலைத்தது. அது மின்சார கார் இல்லை, ஆனாலும் வாதம் அப்படியே பொருந்தும்.

ஓட்டியவர் மேல் தப்பு இருந்தாலே கார் கம்பெனிக்குப் பங்கில்லை என்றும் நினைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2019-ல் ஆட்டோபைலட் (ஓட்டுவதில் உதவும் தானியங்கி வசதி) போட்டுக்கொண்டு, கீழே விழுந்த போனைத் தேடிய ஒருவரின் டெஸ்லா மோதி ஒரு பெண் இறந்தார். 2025 ஆகஸ்டில் மியாமி ஜூரி, ஓட்டியவர் மீது 67 சதவீதம், டெஸ்லா மீது 33 சதவீதம் என்று பழியைப் பிரித்தது. வேறு நாட்டுச் சட்டம்தான். ஆனால் இருவர் மீதும் ஒரே நேரத்தில் தவறு இருக்கலாம் என்பதை இந்த வழக்கில் தெளிவாகப் பார்க்கலாம்.

இப்போது மிக முக்கியமான விஷயம்: கார். விபத்துக்குப் பிறகு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார், போலீஸ் காரை விடுவிக்கும். அப்புறம் "டோட்டல் லாஸ்" என்று காப்பீட்டுப் பணம் வரும், கார் காயலான் கடைக்குப் போகும். ஒரே சாட்சி அதோடு போய்விடும். பேட்டரி எப்படி நடந்துகொண்டது, ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் என்ன பதிவானது என்பதெல்லாம் அந்த இரும்புக்குள்தான் இருக்கின்றன. எனவே சந்தேகம் இருந்தால் காரைக் கொடுக்காதீர்கள். போலீசுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இணைய இணைப்புள்ள காராக இருந்தால், கம்பெனியிடம் உள்ள பதிவுகளை அழிக்கக் கூடாது என்று பதிவுத் தபாலில் கேளுங்கள். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 38-வது பிரிவில் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அனுப்ப கார் இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் அடிபட்ட லித்தியம் பேட்டரி பல நாள் கழித்தும் மறுபடி பற்றலாம். வீட்டு வாசலிலோ மூடிய ஷெட்டிலோ நிறுத்தாமல், திறந்த வெளியில் மற்ற வண்டிகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

கம்பெனி தரப்பில், வண்டியில் வெளிக் கடையில் மாற்றம் செய்தீர்கள் என்பார்கள். தவறான பயன்பாடும் மாற்றங்களும் அதே சட்டத்தின் 87-வது பிரிவில் அவர்களுக்குக் கேடயம். சர்வீஸ் ரசீதுகளை எடுத்து வையுங்கள்.

அதே மாடலுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவின்படி, ஆபத்தான குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற அரசு உத்தரவிடலாம். கம்பெனி பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது மாற்று வண்டி தர வேண்டும், அல்லது பழுது பார்த்துத் தர வேண்டும். உங்கள் காரில் நடந்ததும் அறிவிப்பில் சொன்ன குறையும் ஒன்றானால், ஆணையத்தில் காட்ட அதைவிட வலுவான காகிதம் உங்களுக்குக் கிடைக்காது.