செய்பவர் யார் என்று சொல்லாத சட்ட வாக்கியங்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒப்பந்தம் ஒன்றையோ சட்டப் பிரிவு ஒன்றையோ படிப்பவருக்கு 'ஷல் பி பெய்ட்', 'மே பி எக்ஸ்டெண்டட்', 'மஸ்ட் பி கிவன்' போன்ற தொடர்கள் அடிக்கடி எதிர்ப்படும். செலுத்தப்பட வேண்டும், நீட்டிக்கப்படலாம், கொடுக்கப்பட்டே ஆக வேண்டும் என்பன அவற்றின் பொருள். முதலில் நிற்கும் துணைவினை, அந்தச் செயல் கடமையா அனுமதியா என்பதை உணர்த்துகிறது. இறுதியில் நிற்கும் வினை செயலைக் குறிக்கிறது. இடையில் வரும் 'பி' வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக்கி, செயலுக்கு உட்படும் பொருளை எழுவாயின் இடத்தில் அமர்த்துகிறது. செய்பவரைக் குறிப்பிட விரும்பினால் 'பை' என்ற சொல்லோடு தனியாக ஒரு தொடரைச் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டாலும் இலக்கணம் பிழையென்று சொல்லாது. ஆனால் நீதிமன்றம் பின்னாளில் அந்தக் கேள்வியைக் கேட்க நேரிடலாம்.

'முப்பது நாள்களுக்குள் அறிவிப்பு கொடுக்கப்பட வேண்டும்' என்ற ஒப்பந்த வரியை எடுத்துக்கொள்வோம். செயல் தெளிவாக இருக்கிறது, காலக்கெடுவும் தெளிவாக இருக்கிறது. ஆனால் யார் கொடுப்பது, யாரிடம் கொடுப்பது, எந்த நாளிலிருந்து முப்பது நாள்களை எண்ணுவது என்பவற்றை அந்த வரி சொல்லவில்லை. கடைசி இரண்டு கேள்விகள் எந்த வாக்கிய அமைப்பிலும் விடுபட்டுப் போகக்கூடியவை. முதல் கேள்வியோ செய்வினையில் எழுதியிருந்தால் எழவே எழாது, ஏனெனில் ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் அந்த வாக்கியத்தை எழுத முடியாது.

இந்த விடுபடல் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1833-இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கு காட்டுகிறது. பால்டிமோர் நகர நிர்வாகம் தெருப் பணிகளுக்காக நீரோடைகளைத் திருப்பிவிட்டதால், ஜான் பாரன் என்பவருக்குப் பங்கிருந்த படகுத்துறையின் அருகில் மணலும் மண்ணும் படிந்து, பெரும்பாலான கப்பல்கள் அணுக முடியாத அளவுக்கு நீர் ஆழம் குறைந்துபோயிற்று. அரசமைப்பின் ஐந்தாம் திருத்தம், உரிய இழப்பீடு இன்றித் தனியார் சொத்து பொதுப் பயனுக்காக எடுத்துக்கொள்ளப்படலாகாது என்கிறது. எவரால் எடுத்துக்கொள்ளப்படலாகாது என்பதை அந்த வரி சொல்லவில்லை. அத்தடை மாநில அதிகாரத்தையும் கட்டுப்படுத்தும் என்று பாரன் தரப்பு வாதிட்டது. மாநிலங்களைக் கட்டுப்படுத்த நினைத்த இடங்களில் அரசமைப்பு மாநிலங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது என்பதைச் சுட்டிக்காட்டிய தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், இத்திருத்தம் கூட்டாட்சி அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தார். 1868-இல் வந்த பதினான்காம் திருத்தம் மாநிலத்தையே எழுவாயாக வைத்து எழுதப்பட்டது. அதன் வழியாகவே 1897-இல் இழப்பீட்டுக் கடமை மாநிலங்களுக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது.

இதைக் கொண்டு செயப்பாட்டு வினையை அறவே ஒதுக்கிவிட வேண்டும் என்று வாதிடுவது சரியாகாது. செய்பவர் என்று ஒருவர் இல்லாத இடங்களும் சட்டத்தில் உண்டு. அஞ்சலில் அனுப்பப்பட்ட கடிதம் மூன்றாம் நாளில் பெறப்பட்டதாகக் 'கருதப்படும்' என்று ஒரு விதி சொன்னால், அவ்வாறு கருதும் வேலை எந்த மனிதருக்கும் தரப்படவில்லை. சட்டமே அதைச் செய்து முடித்துவிடுகிறது. கடிதம் உண்மையில் நான்காம் நாளில் கைக்கு வந்திருந்தாலும், விதிவிலக்கு எதுவும் எழுதப்படாதவரை, காலக்கெடு மூன்றாம் நாளிலிருந்தே எண்ணப்படும். இங்கே வரும் 'ஷல் பி டீம்ட்' என்ற தொடர் கடமை எதையும் விதிக்கவில்லை, ஒரு சட்ட நிலையை அறிவிக்கிறது. அபராதம் செலுத்தச் சொல்லும் விதியிலும் இதே 'ஷல்' தான் நிற்கிறது என்பதால், வினையையும் சூழலையும் பார்க்காமல் துணைவினையை மட்டும் வைத்துப் பொருள் கொள்ள முடியாது.

'ஷல்' பொதுவாகக் கட்டாயத்தைக் குறித்தாலும், சட்டம் எழுதுவோர் சில வேளைகளில் அறிவுரை, எதிர்காலம், அனுமதி ஆகிய பொருள்களிலும் அதைக் கையாள்கிறார்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் குறிப்பிட்டார். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்பு கடமைகளைச் சொல்ல 'மஸ்ட்' என்ற சொல்லையே தேர்ந்தெடுத்தது.

ஆனால் சொல்லை மாற்றும்போது சட்டத்தின் வலுவும் மாறிவிடக்கூடும். அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளில் 56-ஆம் விதி, விசாரணை தேவைப்படும் அளவுக்கு உண்மைகளைப் பற்றிய தகராறு இல்லாத வழக்குகளைச் சுருக்கமாக முடிப்பது பற்றியது. கோரப்பட்ட தீர்ப்பு 'ஷல் பி ரெண்டர்ட்', அதாவது வழங்கப்பட வேண்டும் என்று அது நெடுங்காலம் இருந்தது. 2007-இல் எல்லா விதிகளின் நடையும் திருத்தப்பட்டபோது, 'ஷல்' நீக்கப்பட்டு 'ஷுட் பி ரெண்டர்ட்' என்று ஆயிற்று. கட்டளை போல ஒலித்த வரி பரிந்துரை போல ஒலிக்கத் தொடங்கவே, தகராறே இல்லாத வழக்கிலும் நீதிபதி அத்தகைய தீர்ப்பை மறுக்கலாமா என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. 2010-இல் அந்த விதி மீண்டும் திருத்தப்பட்டது. 'ஷல்' திரும்பி வந்தது; செயப்பாட்டு வினை திரும்பி வரவில்லை. தீர்ப்பை நீதிமன்றம் வழங்க வேண்டும் என்று, நீதிமன்றத்தையே எழுவாயாக வைத்து விதியின் அந்த வாக்கியம் இப்போது தொடங்குகிறது.